ரெண்டு பக்கம் விட்டு

தம்பி, இந்த வண்டி மதுரை ஐகோர்ட்டு வாசல்ல நிக்கும்ல? ஏறும்போதே கண்டக்டரைக் கேட்டேன். நிக்கும்னான். ஆனா சொன்ன விதம் சரியில்ல, வாயைத் தொறக்காமயே சொல்றான். இந்தப் பையைக் கொஞ்சம் உங்க பக்கம் தள்ளிக்கிறேன், கோச்சுக்காதீங்க. மடியில வச்சா காலு மரத்துப் போகுது, மேல வச்சா மனசு அடிச்சுக்கிது. உள்ள பூராவும் கேஸ் பேப்பர்.

நீங்க மாட்டுத்தாவணியா? அப்பச் சரி. ஒத்தக்கடை தாண்டினதும் எனக்கு ஒரு குரல் குடுங்க. பேச்சு வாக்குல விட்டுருவேன். போன தடவை அப்படித்தான் விட்டுட்டு, மாட்டுத்தாவணியில எறங்கி ஆட்டோ புடிச்சுத் திரும்பி ஓடினேன். நான் போய்ச் சேந்தப்ப நம்ம கேஸைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. வக்கீல் என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க.

என் பேரு காசிராஜன். ரிட்டயர்டு வாத்தியார். பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்தவன். திருப்பத்தூர்ப் பக்கம் என் பேரைச் சொன்னா... வேணாம், நானே சொல்லிக்கிறது நல்லாருக்காது. நீங்களே யார்ட்டயாச்சும் விசாரிச்சுப் பாருங்க.

கேஸு எனக்கில்ல, என் மகளுக்கு. இளவேனில். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள. மாட்டு டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஆறாப்புல இருந்து அடம். தெருவுல ஒரு ஆடு இருமினா இவ போய் நிப்பா. ஆட்டுக்காரனே, வாத்தியார் மகளைக் கூப்பிடுங்கன்னு வீட்டுக்கு வருவான். அந்தப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்கை வச்சுத்தான் சீட்டு. பயாலஜியில கொஞ்சம் சறுக்கினாலும் சீட்டு அடுத்தவன் கைக்குப் போயிரும்.

அவ சறுக்கல தம்பி. அதைத்தான் ஊரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அவ சறுக்கவே இல்ல.

என்ன, கீழவளவுல இவ்வளவு நேரம் நிக்கிறான்? டீ குடிக்கப் போயிட்டானா டிரைவர்? இல்ல, எடுத்துட்டான். எடுத்துட்டான்.

அவளுக்குப் பரீட்சை எழுதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். வேற ஸ்கூல்ல படிச்சா, இருந்தாலும் சாயங்காலம் எங்கிட்டத்தான உக்காரணும்? புள்ளைங்க எங்க கோட்டை விடுறாங்கன்னா, தெரியாத கேள்வியில போய் முட்டிக்கிட்டு நிக்கிறது. அங்கயே நேரம் போயிரும். நான் சொல்லுவேன், தெரியலையா, ரெண்டு பக்கம் விடு. விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. கடைசியில நேரம் இருந்தா திரும்பி வந்து எழுது. எத்தனை பேட்ச்சுக்குச் சொல்லியிருப்பேன்! அந்த ரெண்டு பக்கத்தால பாஸானவன் இன்னிக்கு தாலுகா ஆபீஸ்ல உக்காந்து என்னையவே நாளைக்கு வாங்கன்னு சொல்றான்.

ரிசல்ட் வந்துச்சு. மத்த பாடமெல்லாம் தங்கமா இருக்கு, பயாலஜி மட்டும் எண்பத்திநாலு. எங்க வீட்டம்மா செல்போனைக் கீழ வச்சுட்டு அடுப்படிக்குள்ள போனவ வெளியவே வரல. புள்ள அழுகல. எங்கிட்ட வந்து, "அப்பா, என் பேப்பரோட காப்பி வாங்கிப் பாப்போம்"னா. நான்தான் வேணாம்னேன். ரீடோட்டலிங் போடு, போதும்னேன்.

அது ஏன்னு கேளுங்க. அந்த விதி என்னன்னா, ஒண்ணு பேப்பரோட காப்பி கேக்கலாம், இல்ல மறுகூட்டல் கேக்கலாம். ரெண்டையும் கேக்க முடியாது. காப்பி வாங்கினவனுக்குத்தான் பெறகு மறுமதிப்பீடு. கூட்டல்னு டிக் அடிச்சவனுக்குக் கூட்டலோட கதவு சாத்திரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டலுக்கு அடிச்சேன். ஏன்னா இருபது வருஷம் பேப்பர் திருத்துற கேம்ப்புக்குப் போனவன் நான். திருத்துறதுல தப்பு நடக்காது தம்பி, கூட்டுறதுலதான் நடக்கும். அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

உங்களுக்குக் கேம்ப்புன்னா என்னன்னு தெரியுமா? பெரிய ஸ்கூலாப் பாத்துப் போடுவாங்க. காலையில ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. ஃபேன் ஓடும், காத்து வராது. பேப்பர்ல பேரு இருக்காது, ஊரு இருக்காது, ஒரு நம்பர்தான். நம்ம கையில செவப்புப் பேனா. நான் உக்காந்தேன்னா ஒரு மணி அடிக்கிறதுக்குள்ள என் கட்டு முடிஞ்சுரும். மத்தவன் பாதியில முழிச்சுக்கிட்டு இருப்பான். கேம்ப் ஆபீஸரே என் டேபிளுக்கு வந்து, காசிராஜனைப் பாத்துக் கத்துக்கங்கய்யான்னு சொல்லுவாரு.

புனிதான்னு ஒரு டீச்சர். முத முதல்ல கேம்ப்புக்கு வந்த வருஷம், பாவம், ஒவ்வொரு பேப்பரையும் வரி வரியாப் படிக்கிது. திருப்பித் திருப்பிப் பாக்குது. ஊரே வீட்டுக்குக் கெளம்பியாச்சு, அது மட்டும் உக்காந்திருக்கு. ஆபீஸர் எல்லாரு முன்னாடியும் சத்தம் போட்டுட்டாரு. அழுதுருச்சு. எனக்கு மனசு கேக்கல. சேரை எடுத்துப் பக்கத்துல போட்டு உக்காந்து சொல்லிக் குடுத்தேன். படிக்காதம்மா, பாரு. முக்கியமான வார்த்தை இருக்கான்னு கண்ணை ஓட விடு, இருந்தா டிக். கூட்டலை அப்பப்ப ஓரத்துல பென்சில்ல போட்டுக்கிட்டே வா. அப்புறம் முக்கியமா ஒண்ணு, ரெண்டு பக்கம் சேந்தாப்புல காலியா வந்துச்சுன்னா பேப்பரை மூடிரு. அதுக்கு மேல எவனும் எழுத மாட்டான். மிச்சப் பக்கத்தைப் புரட்டுறதுலதான் பாதி நேரம் போகுதுன்னு சொன்னேன்.

மறுநாள்ல இருந்து பாருங்க, எனக்கு அடுத்து அதுதான். சார் சார்னு உசுரையே விட்டுரும். வருஷா வருஷம் ஆசிரியர் தினத்தன்னிக்குக் காலையில முதல் வாழ்த்து புனிதாகிட்ட இருந்துதான் வரும். "என் குருவுக்கு"ன்னு போடும். எங்க வீட்டம்மா கிண்டல் பண்ணுவா, பெத்த புள்ள கூட இப்படிச் சொல்றதில்லைன்னு. இந்த வருஷம்தான் வரல. வேலையா இருந்திருக்கும். நானே ரெண்டு தடவை போன் பண்ணேன், கேஸ் விஷயத்தைச் சொல்லி ஆறிக்கலாம்னு. எடுக்கல.

எங்க விட்டேன்? ஆங், மறுகூட்டல். மாற்றம் இல்லைன்னு வந்துருச்சு. கூட்டல் சரியாத்தான் இருக்காம். கூட்டல் சரின்னா, அப்ப எண்பத்திநாலு எப்படி? புள்ளகிட்டக் கேட்டேன், சரியா எழுதினியாடின்னு. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதுல இருந்து அவ எங்கிட்ட வார்த்தையை எண்ணித்தான் பேசுறா.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போட்டோம். அதுவும் நான் போடல, அவளே உக்காந்து எழுதி அவளே போஸ்ட் பண்ணியிருக்கா. இழுத்தடிச்சு ஒரு நாள் காப்பி வந்துச்சு. கவரைப் பிரிச்சு நான் ஒவ்வொரு பக்கமாத் திருப்புறேன். எல்லாம் நல்லாத் திருத்தியிருக்கு. அழகாத்தான் போட்டிருக்கான் மார்க்கு, ஓரத்துல பென்சில்ல சின்னதாக் கூட்டல் வேற. நம்ம ஸ்கூலு ஆளு மாதிரி இருக்கேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பக்கம் காலி. திருப்பினா, அதுக்குப் பின்னாடி அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு, மூணு மார்க் கேள்வி ரெண்டு. அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கா. படம் வரைஞ்சு பாகம் குறிச்சிருக்கா. ஒரு செவப்புப் புள்ளி கூட இல்ல தம்பி! தொடவே இல்ல! பேப்பரை மூடிட்டுப் போயிட்டான் அந்த ஆளு. முன்பக்கக் கட்டத்துல எழுதலைன்னு கோடு போட்டு விட்டிருக்கான். பதினோரு மார்க். என் புள்ளையோட சீட்டு.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

அது வேற, இது வேற. நான் புனிதாவுக்குச் சொன்னது அந்தக் காலத்துப் பேப்பரு. அப்பப் பசங்க எழுதின எழுத்து வேற. ரெண்டு பக்கம் விட்டான்னா ஆளு காலின்னு அர்த்தம். அது ஒரு அனுபவம் தம்பி, பேப்பரைக் கையில வாங்கினாலே தெரியும். இவன் என்ன பண்ணியிருக்கணும்? நல்லா எழுதுற புள்ள, எழுத்தைப் பாத்தாலே தெரியிது, இது ரெண்டு பக்கம் விட்டா ஏன் விட்டுச்சுன்னு யோசிக்கணுமா வேணாமா? புரட்டிப் பாத்தா கையா தேஞ்சு போகும்?

கொஞ்சம் காத்து வரட்டும், அந்த ஷட்டரைத் தூக்குங்க. வேணாம், எறக்கிருங்க. தூசி.

அன்னிக்கு அவளும் இதே மாதிரித்தான் பாத்தா. ரெண்டு காலிப் பக்கத்தையும் விரல்ல தடவிக்கிட்டு, "நீங்கதானப்பா விடச் சொன்னீங்க"ன்னா. ஆமா, நான்தான் சொன்னேன், எழுதுறவன் அப்படித்தான் எழுதணும், திருத்துறவன்தான் ஒழுங்காத் திருத்தணும்னேன். எந்திரிச்சுப் போயிட்டா. கேம்ப்புல நான் சொல்லிக் குடுத்த கதையெல்லாம் சின்னப் புள்ளையில இருந்தே அவளுக்கு மனப்பாடம். அது எதுக்கு இப்ப.

மேலூர் வந்துருச்சா? நல்லது. இங்க ஏறுற கூட்டத்துல பையை மிதிச்சுறாம. அம்மா, பாத்து, பாத்து! கேஸ் கட்டு இருக்கு.

காப்பியைத் தூக்கிக்கிட்டு பரீட்சை ஆபீஸுக்கு ஓடினேன். நீங்க மறுகூட்டல்தான கேட்டீங்க, மறுமதிப்பீட்டுக்கு உங்களுக்கு வழியில்ல, தேதியும் முடிஞ்சுருச்சுங்கிறாங்க. விதி அப்படியாம். கண்ணு முன்னாடி திருத்தாத பக்கம் இருக்கு, விதி எப்படிய்யா அதைத் திருத்த விடாம தடுக்கும்னு கத்தினேன். பியூன் வந்து தண்ணி குடுத்தான். வயசைப் பாத்துக் குடுத்தான் போலிருக்கு.

பெறகுதான் வக்கீல் ஷாநவாஸ். சின்ன வயசு, ஆனா வெவரம். கதையைக் கேட்டுட்டு, "சார், திருத்தாத விடையைத் திருத்தச் சொல்றதுக்கு ஐகோர்ட்டுல ரிட் மனு போடலாம். கவுன்சலிங் முடியிறதுக்குள்ள ஒரு சீட்டைக் காலியா வைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கிருவோம்"னாரு. வாங்கிட்டாரு! ஒரு சீட்டு, என் புள்ளைக்காக, யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஜட்ஜு சொன்னாரு. அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல நான் அழுதேன், ஒளிச்சு வச்சு என்ன ஆகப் போகுது.

ஆனா நான் இன்னொண்ணும் கேட்டேன். மார்க்கு மட்டும் போதாது, திருத்தினவன் மேல நடவடிக்கை எடுக்கணும், இன்க்ரிமென்ட்டை நிறுத்தணும், இனிமே கேம்ப் பக்கமே அந்த ஆளை விடக் கூடாதுன்னு மனுவுல சேக்கச் சொன்னேன். வக்கீல் வேணாம்னாரு. நமக்கு வேண்டியது சீட்டு, ஆளைத் தொட்டா எதிர்த்தரப்பு முறுக்கிக்கும், இழுக்கும்னாரு. புள்ளையும், "அப்பா, எனக்கு யாரையும் தண்டிக்க வேணாம்பா, காலேஜுக்குப் போகணும்"னா. விடுவேனா? நான் ஒரு வாத்தியார். நானே கேக்கலைன்னா வேற எவன் கேப்பான்?

வக்கீல் சொன்ன மாதிரியே இழுத்துருச்சு. போன வாய்தாவுல சர்க்கார் வக்கீல் சொல்றாரு, அந்த நடவடிக்கைக் கோரிக்கையைக் கைவிட்டா இந்த வாரமே திருத்திக் குடுத்துர்றோம்னு. ஜட்ஜு நம்ம பக்கம் திரும்பிக் கேட்டாரு. ஷாநவாஸ் என்னையப் பாத்தாரு. நான் தலையை ஆட்டினேன், விட முடியாதுன்னு. அப்பச் சரி, திருத்தினவங்க நேர்ல வந்து விளக்கம் சொல்லட்டும்னு இன்னிக்குத் தேதி போட்டுட்டாரு. அதுக்குள்ள காலேஜு தொறந்து வகுப்பு நடக்குது. கூடப் படிச்ச புள்ளைங்க வெள்ளைக் கோட்டு போட்டு போட்டோ அனுப்புதுங்க. இவ தினமும் எங்க ஊரு மாட்டாஸ்பத்திரியில போய் நிக்கிறா, ஊசி போடுறப்ப மாட்டைப் புடிச்சுக்கிறதுக்கு. சாயங்காலம் சாணி வாடையோட வந்து, குளிச்சுட்டுப் படுத்துக்கிறா. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கிது தம்பி. சீட்டைக் காலியா வச்சிருக்கிறது எத்தனை நாளைக்குன்னு வக்கீல்கிட்டக் கேட்டா, அதுக்கும் ஒரு அளவு இருக்கு சார்ங்கிறாரு.

காலையில கெளம்பும்போது அவரே போன் பண்ணாரு. பதில் மனு வந்துருச்சாம். "சார், ரெண்டாவது கோரிக்கையை விட்டுருவோம். நான் சொல்றதைக் கேளுங்க. அவங்க வர்றாங்க, கேம்ப்புல மூத்தவங்க சொல்லிக் குடுத்த முறையிலதான் திருத்தினேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! எந்த மூத்தவன்? அவன் பேரைச் சொல்லச் சொல்லுங்க, அவனையும் எதிர்மனுதாரராச் சேத்துருவோம்னேன். இப்படித் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டுப் போறவனாலதான் புள்ளைங்க தெருவுல நிக்கிது. லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோங்கிறேன். "நேர்ல வாங்க சார், பேசிக்குவோம்"னு வச்சுட்டாரு. குரலே சரியில்ல. எதிர்த்தரப்புல எதுவும் வாங்கிட்டாரோன்னு கூட ஒரு சந்தேகம் வந்துச்சு. சேச்சே, நல்ல மனுசன்.

இது என்ன, சிட்டம்பட்டி டோல்கேட்டா? ஒரே வரிசையா நிக்கிது. மணி என்ன? இருக்கு, நேரம் இருக்கு.

இருங்க, போன்ல ஏதோ சத்தம். மெசேஜ். கண்ணாடி பைக்குள்ள அடியில கெடக்கு. தம்பி, யாருன்னு பாருங்க. புனிதாவா? பாத்தீங்களா! இப்பத்தான் பேசிக்கிட்டு இருந்தோம், நூறாயுசு அதுக்கு. படிங்க, படிங்க. எங்க, சத்தமா.

"சார், இன்னிக்குக் கோர்ட்டுல என்னையப் பாப்பீங்க."

வருதா! எப்படித் தெரிஞ்சுச்சு அதுக்கு? வாத்தியார் வட்டாரத்துல பரவியிருக்கும். லீவு போட்டுட்டு வருது பாருங்க, நமக்காக. ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் இருக்குல்ல?

"என்னைய மன்னிச்சிருங்க சார். உங்க பொண்ணுன்னு எனக்குத் தெரியாது. பாப்பாவுக்குச் சீட்டு கெடைச்சா போதும்."

ம்.

மன்னிப்பு எதுக்குக் கேக்குது? ஆசிரியர் தின வாழ்த்து சொல்லலைல்ல, அதுக்கா இருக்கும். போனை வேற எடுக்கல. கேஸு போட்டது நம்ம பொண்ணுன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கும், அதைத்தான் சொல்லுது. அதுக்குப் போய் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு. நல்ல புள்ள தம்பி அது. சொன்னா அப்படியே கேக்கும். ஒரு தடவை சொல்லிக் குடுத்தாப் போதும், மாத்தவே மாத்தாது.

போனைக் குடுங்க. எங்க, எங்க... பாக்கெட்டுக்குள்ள போக மாட்டேங்கிது. காலையில சாப்பிடாம ஏறினது தப்பாப் போச்சு. எங்க வீட்டம்மா ரெண்டு இட்லியாச்சும் தின்னுட்டுப் போங்கன்னா.

ஒத்தக்கடையா? அப்ப எந்திரிக்கணும். கண்டக்டர், ஐகோர்ட்டு ஒண்ணு இருக்கு! எறக்கி விட்டுருப்பா!

என்ன தம்பி, என்னமோ சொல்ல வர்றீங்க? உங்க முகமே மாறிப் போச்சு. சொல்லுங்க. இல்ல, இப்ப வேணாம். வேணாம், சொல்லாதீங்க. எறங்குற நேரத்துல எதுக்கு.

நான் என்ன பண்ணப் போறேன் தெரியுமா? புனிதாவை என் பக்கத்துலயே உக்கார வச்சுக்கப் போறேன். அந்த ஆளு வந்து நிப்பான்ல, அவன் மூஞ்சியை அதுவும் பாக்கட்டும். வக்கீல்கிட்டச் சொல்லி அதையும் எந்திரிச்சுப் பேச வைக்கிறேன். பேப்பரை எப்படித் திருத்தணும்னு காசிராஜன் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு அது ஜட்ஜு முன்னாடி சொல்லட்டும்.

கையை விடுங்க தம்பி. வண்டியை எடுத்துருவான்.